லோரித் தராசில் பதினான்கு பெண்கள்

"பாராங் அபா?" என்று கேட்டார் நெல் ஆலையின் தராசுக்காரர். என்ன சரக்கு என்பது கேள்வி.

கேட்டதில் தவறில்லை. அவருடைய கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே, லோரிகள் ஏறி நிற்கும் இரும்பு மேடையில், தலையிலிருந்து வாய்க்கால் தண்ணீர் சொட்டச் சொட்டப் பதினான்கு பெண்கள் நின்றுகொண்டிருந்தோம். எங்களுக்குப் பின்னால் நெல் ஏற்றிய ஐந்து லோரிகள் வரிசையில் காத்திருந்தன. முதல் லோரியின் ஓட்டுநர் ஹாரனில் கை வைத்தார். எங்கள் தலைவி பாக்கியம் அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கை தானாக இறங்கிவிட்டது.

என் செருப்பு வாய்க்கால் சேற்றோடு போய்விட்டது. இரும்பு மேடை வெயிலில் சுட்டது. காற்றில் பறந்த உமித்தூள் ஈரக் கைகளில் ஒட்டி நமைச்சல் எடுத்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன்.

"அசையாதீங்கக்கா," என்றாள் வசந்தி. "நம்பர் ஆடுது."

தேதி கேட்காதீர்கள்

இந்தத் தொடரை வாசித்துவருபவர்களுக்கு என் வியாதி தெரியும். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்திலிருந்தே நாள் தவறாமல் எழுதுகிறேன். எந்த நாளில் எத்தனை மில்லிமீட்டர் மழை, எந்த வெள்ளிக்கிழமை பஸ் வரவில்லை, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது, எல்லாம் என் நாட்குறிப்புகளில் உண்டு. இரண்டு பேருக்குச் சண்டை வந்தால் சாட்சிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆனால் இந்த வாரம் தேதி கிடையாது. வசந்தி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "வருஷத்தப் போட்டீங்கன்னா, அப்ப எனக்கு என்னா வயசுன்னு கணக்குப் போட்டுருவாங்க லா" என்பது அவள் வாதம். எடையைச் சொல்ல அனுமதி கொடுத்தவள் வயதைச் சொல்ல அனுமதி தரவில்லை. ஆகவே பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, சுங்கை புரோங் பக்கம் அறுவடை பாதி முடிந்திருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தூண்

வசந்தி என் தம்பியின் மனைவி. ஈஜோக் சாலையோரத்தில் விடியற்காலையில் தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக் கடை போடுகிறாள். அவள் காரச் சம்பாலுக்காகக் கோலா சிலாங்கூரிலிருந்து கார் எடுத்து வருகிறவர்கள் உண்டு. பேச்சில் அவளை வென்றவர்கள் இல்லை. கடன் கேட்ட போலீஸ்காரரையே சிரிக்க வைத்துத் திருப்பி அனுப்பியவள்.

அவள் மகள் திவ்யாவின் நிச்சயதார்த்தத்தில்தான் வம்பு வந்தது. அன்று எடுத்த ஒரு படத்தில் வசந்தி சந்தன நிறப் பட்டுப்புடவையில், மண்டபத் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். தூணும் சந்தன நிறம். மாப்பிள்ளையின் அத்தை அந்தப் படத்தை இரு குடும்பத்துப் புலனக் குழுவில் போட்டு, "இதுல தூண் எது, சம்பந்தியம்மா எது?" என்று எழுதினார். கூடவே கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் நான்கு.

குழுவில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் பார்க்காததுபோல் இருந்தார்கள். வசந்தி கை கூப்பிய படம் ஒன்றைப் பதிலாகப் போட்டாள்.

எனக்கு அது புதிதாக இருந்தது. போலீஸ்காரருக்கே பதில் வைத்திருந்தவள் அவள்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் கைப்பேசியைப் பிடிப்பவள் வசந்தி. "நில்லுங்க, நான் எடுக்கறேன்." பிறந்தநாள், காதுகுத்து, கோயில் திருவிழா, எல்லாவற்றையும் அவளே எடுத்தாள். நான்தான் ஒருநாள் கவனித்தேன், கவனிப்பது என் தொழில்: நான்கு மாதத்தில் எடுத்த படம் எதிலும் அவள் இல்லை.

பிறகு ஒரு நாள் மகளிடம் சொல்லிவிட்டாள். கல்யாணத்தன்று அவள் சமையல்கட்டில் இருப்பாள். தாரை வார்க்கும்போது தண்ணீர் ஊற்ற மட்டும் வருவாள், ஊற்றிவிட்டுப் போய்விடுவாள். அந்த நேரம் கேமராவை அணைத்துவிட வேண்டும். மணவறையில் குடும்பப் படத்துக்கு அவளுக்குப் பதில் அத்தை, அதாவது நான், நிற்கலாம்.

திவ்யா என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதாள். "அம்மா இல்லாத ஆல்பத்த நான் என்னா பண்றது அத்தை? பேசாம ரெஜிஸ்டர் பண்ணிட்டு வந்துடட்டுமா?"

நிறுக்கத் தெரிந்த ஊர்

கொஞ்சம் பழைய கதை சொல்லிவிட்டு வருகிறேன்.

நான் பிறந்த தோட்டத்தில் நிறுக்கப்படாத பொருள் கிடையாது. ரப்பர் பாலை நிறுத்தார்கள். பிறகு செம்பனைக் குலையை நிறுத்தார்கள். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைத் துணித் தூளியில் தொங்கவிட்டு நிறுத்தார்கள். மேற்பார்வை பார்க்கும் மண்டோரின் பெருவிரல் தராசைத் தொடுகிறதா என்று எல்லாருக்கும் ஒரு கண் இருந்தது. பெண்களை நிறுக்க மட்டும் தராசு வேண்டியிருக்கவில்லை. அதற்கு ஊர்க்கண் போதும்.

என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், "ஒடிஞ்சு விழறாப்ல இருக்கே" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். அம்மா ஒரு மாதம் அவளுக்கு முட்டையும் நெய்யுமாக ஊட்டினார். இருபது ஆண்டு கழித்து அதே குடும்பத்து ஆள் ஒருவர் ஒரு கல்யாணத்தில் அக்காவைப் பார்த்து, "கொஞ்சம் சாப்பாட்டக் கொறைக்கலாமே" என்றார். ஆக, இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் சரியான அளவில் இருந்த நாள் ஒன்று வந்திருக்க வேண்டும். நாட்குறிப்புகளைப் புரட்டித் தேடினேன். கிடைக்கவில்லை. ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையாக இருந்திருக்கும், ஒருவரும் பார்க்கவில்லை.

தோட்டத்துக்குப் பின்னால் ஆறு ஓடியது. பையன்கள் குதிப்பார்கள். நாங்கள் அவர்களுடைய சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நிற்போம். ஒரே ஒரு முறை நான் இடுப்பளவு இறங்கினேன். அப்பாவின் கூட்டாளி ஒருவர் பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ள நனையலாமா?" என்றார். நனைந்தால் உடம்பு தெரியும். உடம்பு இருப்பது தெரியக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். அடுத்த முறை நான் தண்ணீரில் இறங்க நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியது.

சரித்திரப் புத்தகங்களில் ராஜாக்கள் துலாபாரம் கொடுத்த கதைகளைப் படித்திருக்கிறேன். தராசின் ஒரு தட்டில் ராஜா, மறு தட்டில் பொன். அவர் பருத்தால் வாங்குகிறவர்களுக்கு லாபம். எந்த ராஜாவும் வெட்கப்பட்டுப் பதினைந்து கிலோ குறைத்துச் சொன்னதாக நான் பார்த்த கல்வெட்டில் இல்லை.

நாங்கள் சொன்னோம்.

படிவத்தில் ஒரு கட்டம்

எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கத்தில் மகளிர் பிரிவு ஒன்று உண்டு. பாக்கியம் அக்கா தலைவி, நான் செயலாளர். பிள்ளைகள் படித்து முடித்துப் பேரப்பிள்ளைகள் சேர்ந்த பிறகும் நாங்கள் பதவியை விடவில்லை. வருடா வருடம் கோலம், கேக் என்று ஏதாவது நடத்துவோம். அந்த ஆண்டு யாரோ, வெளியே போய்ச் செய்யும் பயிற்சி ஒன்று வைக்கலாம் என்றார்கள். சுங்கை புரோங்கில் வயலோரம் ஒரு தங்கும் வீடு, பக்கத்தில் வயலுக்கு நீர் கொண்டுபோகும் பெரிய வாய்க்கால், அதில் படகு.

பயிற்சியாளர் நிஷா கிள்ளானிலிருந்து வந்தாள். விளம்பரத்தில் வருவதுபோல் ஒரு குச்சியை எதிர்பார்த்திருந்தோம். வந்தவள் எங்களில் பாதிப் பேரைவிடப் பெரியவள். முழங்காலுக்கு மேலே நிற்கும் கால்சட்டை போட்டுக்கொண்டு, நான்கு பேர் தூக்க வேண்டிய படகைத் தனியாகத் தோளில் வைத்து நடந்தாள்.

"இது நமக்கு எளைக்க என்னா சொல்லித் தரும்?" என்று பாக்கியம் அக்கா என் காதில் சொன்னார். அவர் காதில் சொன்னால் பத்தடிக்குக் கேட்கும்.

"எளைக்க இல்ல ஆன்ட்டி," என்றாள் நிஷா. "துடுப்பு போட."

அவளுக்கு இரண்டு வாரம் முன்பே படிவம் நிரப்பி அனுப்பியிருந்தோம். பெயர், நோய், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண், எடை. எடை எதற்கென்றால், இரண்டு பேர் போகும் படகில் கனமானவர் பின்னால் உட்கார வேண்டும், இலேசானவர் முன்னால். மாறினால் படகின் மூக்கு தண்ணீருக்குள் போகும்.

வசந்தியை நான்தான் இழுத்துச் சேர்த்தேன். பயிற்சிக்கு வரமாட்டேன் என்றாள். சமைக்க வருகிறேன் என்றாள். சரி, சமைக்கவாவது வா என்றேன். வருகிற எல்லாரும் படிவம் நிரப்ப வேண்டும் என்பதால் அவளும் நிரப்பினாள். எடை: தொண்ணூற்றிரண்டு.

"சரியா எழுதிட்டியா?" என்றேன்.

"பின்ன? கொறச்சு எழுதி மூழ்கிட்டேன்னா தூக்கறவன் கொறச்சலா ஆள் கூட்டிட்டு வந்துருவான் லா."

படிவங்களைச் சேகரித்தது நான். கணினியில் பட்டியல் அடித்ததும் நான். நிஷா கேட்டபடி அதிக எடை மேலே, குறைந்த எடை கீழே என்று வரிசைப்படுத்தினேன். பாக்கியம் அக்கா ஐம்பத்தைந்து என்று எழுதியிருந்தார். அந்த ஐம்பத்தைந்து அவர் இடுப்புக்கு மேலேயா கீழேயா என்று தெரியவில்லை. நான் சிரித்துக்கொண்டே அடித்தேன். பிறகு என் பெயர் வந்தது. கிளினிக்கில் போன மாதம் எழுபத்துமூன்று. என் கை ஐம்பத்தெட்டு என்று அடித்தது.

மழையை மில்லிமீட்டரில் எழுதுகிறவள் நான்.

சுவரில் ஒட்டிய காகிதம்

சனிக்கிழமை காலை பட்டியலைத் தங்கும் வீட்டின் முன்சுவரில் ஒட்டினேன். எல்லாரும் கூடிப் பார்த்தார்கள். அவரவர் பொய்யை அவரவர் தேடிப் பார்த்து நிம்மதியானார்கள்.

வசந்தி கையில் கரண்டியோடு வந்தாள். முதல் வரி: வசந்தி, 92. இரண்டாவது வரியில் இருந்தவருக்கு 66. அதற்குக் கீழே அறுபது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து என்று போய்க்கொண்டிருந்தது.

அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

"எனக்கும் அடுத்த ஆளுக்கும் இருபத்தாறு கிலோ," என்றாள். "நடுவுல ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ளய நிறுத்தி வைக்கலாம்."

யாரோ சிரித்தார்கள். வசந்தி சிரிக்கவில்லை. "அப்ப அந்தப் பொம்பள சொன்னது சரிதான்க்கா. தூண்தான்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போனாள். போன கையோடு என் தம்பியைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். அவன் சுங்கை பெசாரில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தான். மூன்று மணிக்கு வேனோடு வருவதாகச் சொன்னான். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்புவது என்று முடிவாயிற்று.

அவள் உருவாக்காத கணக்கில் அவள் மட்டும் பூதமாக நின்றாள். நாங்கள் பதின்மூன்று பேர் ஆளுக்குக் கொஞ்சம் அழகுக்காக எடுத்து ஒளித்து வைத்த சதை முழுவதும் அவள் தலையில் ஏறியிருந்தது. அப்போதே சமையல்கட்டுக்குள் போய், "இந்தப் பட்டியல் பொய் வசந்தி, என்னுடையது பதினைந்து கிலோ பொய்" என்று சொல்லியிருக்கலாம். கதவுவரை போனேன். வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எங்களை உடனே கொன்றது. படிவத்து எடையைப் பார்த்துத்தான் நிஷா சட்டைகளும் வாங்கி வந்திருந்தாள். கையை உள்ளே விட்டால் தலை வரவில்லை, தலையை விட்டால் மூச்சு வரவில்லை. பதின்மூன்று பேரும் திணித்த தலையணை மாதிரி வெளியே வந்தோம். தொளதொளவென்று காற்றாட இருந்த ஒரே சட்டை வசந்திக்கு வாங்கியது. அது கொடியில் தொங்கியது.

மூக்கு

வாய்க்கால் ஆழமில்லை, நெஞ்சளவு. பழுப்பு நிறத் தண்ணீர், கரையோரம் ஆகாயத்தாமரை, எதிர்க்கரையில் அறுத்த வயலில் கொக்குகள். உயிர் காக்கும் சட்டையை மேலே மாட்டி, பட்டியலைப் பார்த்து நிஷா ஆளைச் சொல்லச் சொல்ல ஏறினோம்.

ஐம்பத்தைந்து கிலோ பாக்கியம் அக்கா முன்னால். அவருக்குப் பின்னால், கனமானவள் என்று, அறுபது கிலோவில் ஒருத்தி. அவள் உண்மையிலேயே ஏறக்குறைய அறுபதுதான், பாவம். படகைத் தள்ளிவிட்டதும் அதன் மூக்கு நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. வால் மேலே கிளம்பியது. பின்னால் இருந்தவள் காற்றில் துடுப்புப் போட்டாள்.

"என்னாடி பண்ற? தள்ளு!" என்றார் பாக்கியம் அக்கா.

"தண்ணி எட்டலக்கா!"

அடுத்த படகு இருந்த இடத்திலேயே சுற்றியது. இன்னொன்று வலப்பக்கம் சாய்ந்து ஆகாயத்தாமரைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. வசந்தி வராததால் நிஷா என்னைத் தன் படகில் முன்னால் ஏற்றியிருந்தாள். நான் உட்கார்ந்ததும் அவள் படகின் விளிம்பைக் குனிந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, அம்பத்தெட்டா?"

"கிட்டத்தட்ட."

"எதுக்குக் கிட்டத்தட்ட ஆன்ட்டி?"

பதில் சொல்வதற்குள் பாக்கியம் அக்காவின் படகு எங்கள்மேல் மோதியது. பிறகு ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. பெண்கள் அலறிக்கொண்டு விழுவதும், கால் தரையில் தட்டுப்பட்டதும் அலறலை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பதுமாக இருந்தது. என் தலை தண்ணீருக்குள் போய் வந்தது. வாயில் சேறு. நாற்பது ஆண்டுக்குப் பிறகு நனைந்திருக்கிறேன், சுற்றிலும் பார்த்தேன், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அவரவர் செருப்பைத் தேடுகிற வேலை இருந்தது.

அப்போது கரையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. கையில் கரண்டியோடு வசந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. திடீரென்று அதை நிறுத்தினாள். கவிழ்ந்த படகையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். இருபது வருடம் கைப்பிடியில் அரிசி அளந்தவளின் கண்.

"நிஷா, அம்பத்தஞ்சு கிலோ ஆளு ஒக்காந்தா படகு இப்டி குந்துமா?"

"குந்தாது ஆன்ட்டி."

"அப்ப லிஸ்ட்டு பொய்யி."

பதின்மூன்று பேரும் தண்ணீரைப் பார்த்தோம். பாக்கியம் அக்கா, "அது பழைய வெயிட்டு. கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது," என்றார். அவருக்குப் பேரன் கல்லூரியில் படிக்கிறான்.

"வசந்தி, என்னுது பதினஞ்சு கிலோ பொய்," என்றேன். காலையில் வராத வாக்கியம் நெஞ்சளவுத் தண்ணீரில் வந்தது. "நீ ஒருத்திதான் உண்மைய எழுதியிருக்க."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியால் எதிர்ப்பக்கம் காட்டினாள். சாலைக்கு அந்தப் பக்கம் நெல் ஆலை, வாசலில் லோரித் தராசு.

"ஏறுங்க எல்லாரும். எத்தன கிலோவ ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு நான் பாக்கணும்."

"தனித்தனியா ஏற மாட்டேன்," என்றார் பாக்கியம் அக்கா.

"யார் உங்கள தனியா ஏறச் சொன்னா? மொத்தமா ஏறுங்க. நானும் ஏறுறேன்."

சரக்கு

ஆகவே நாங்கள் மேடையில் நின்றோம், தராசுக்காரர் என்ன சரக்கு என்று கேட்டார்.

"மனுஷங்க, பாக்சிக்," என்றாள் வசந்தி மலாயில். "நல்ல ரகம்."

பாக்சிக் என்றால் மாமா; அவர் எழுபது வயது மலாய்க்காரர். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி எங்களை ஒருமுறை பார்த்தார். சிரிக்கவில்லை. பொத்தானை அழுத்தினார். சீட்டு அச்சாகி வந்தது. பத்துப் பத்தாகத்தான் காட்டும் தராசு அது.

மொத்தம் 1,040 கிலோ.

என் பட்டியலின் கூட்டுத்தொகை எனக்கு மனப்பாடம்: 868. நூற்றெழுபத்திரண்டு கிலோ காணவில்லை. கணக்குச் சொன்னேன்.

"தண்ணிதான் அது," என்றாள் ஒருத்தி. "எல்லாரும் நனஞ்சிருக்கோம்ல."

"ஆளுக்குப் பதிமூணு கிலோ தண்ணியா? நீ என்னா வாளியா?" என்றாள் வசந்தி.

இதுவரை பேசாமல் இருந்த பாக்சிக் சன்னலைத் திறந்தார். நெல் கொண்டுவருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லும் அதே குரலில் மலாயில் சொன்னார்: "சரக்கு ரொம்ப ஈரம். ஈரத்துக்குக் கழிவு உண்டு. நூற்றுக்கு இருபது."

அந்தப் பக்கத்தில் நெல் விற்ற யாருக்கும் இந்தக் கழிவு தெரியும். காயாத நெல்லைக் கொண்டுபோனால் எடையில் வெட்டுவார்கள், விவசாயி வாதாடுவான். கழிவைக் கேட்டுக் கூட்டம் கைதட்டியது அன்றுதான் முதல்முறையாக இருக்கும். நூற்றுக்கு இருபது போனால் எண்ணூற்று முப்பத்திரண்டு. எங்கள் பொய்யைவிட முப்பத்தாறு கிலோ குறைவு. பொய் சொல்லிய அளவையும் தாண்டி மெலிந்துவிட்டோம்.

பாக்கியம் அக்கா கண்களைத் துடைத்துக்கொண்டு அந்த மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். லோரி ஓட்டுநர்கள் இறங்கி வந்து என்ன விஷயம் என்று கேட்டார்கள். ஒருத்தியும் கையால் உடம்பை மறைத்துக்கொள்ளவில்லை. திணித்த தலையணைகளாக, ஈரமாக, உமி ஒட்டி, வெயிலில் நின்று சிரித்தோம்.

அன்று வசந்தியைவிடக் கனமானவர் ஒருவரும் அந்த மேடையில் இருந்தார். அவரே பிறகு என்னிடம் சொன்னார். பெயரை எழுத மாட்டேன். அவர் இந்த இதழின் சந்தாதாரர்.

சீட்டை வசந்தி கேட்டு வாங்கிக்கொண்டாள். சரக்கின் பெயர் எழுதும் இடத்தைப் பாக்சிக் காலியாக விட்டிருந்தார்.

மூன்று மணி

மத்தியானம் நிஷா பட்டியலைக் கிழித்துவிட்டு, பெண்களையே நேரில் பார்த்து எடை கணித்து ஏற்றினாள். வசந்தி கொடியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். என் படகில் பின்னால் உட்கார்ந்தாள்.

"நகராதீங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

விடியற்காலையில் பத்துக் கிலோ சம்பாலைக் கிண்டுகிற கை. இரண்டு தள்ளலில் படகு நேராகப் போனது. நான் முன்னால் துடுப்பைச் சும்மா நனைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் படகின் அடியில் சளசளவென்று பேசியது. எனக்குப் பின்னால் அவள் மூச்சு சீராக வந்தது.

என் தம்பி சொன்னபடி மூன்று மணிக்கு வந்தான். அவள் வாய்க்காலின் நடுவில் இருந்தாள். வேன் பக்கத்தில் அரைமணி நேரம் நின்றுவிட்டு, இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அன்றிரவு நாட்குறிப்பில் மழை இல்லை என்று எழுதினேன். அடுத்த வரியில் எழுபத்துமூன்று என்று எழுதினேன். பேனாவில்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் திங்கட்கிழமை கடைக்குப் போனபோது ஒரு வாடிக்கையாளர் கைப்பேசியைத் தூக்கினார், வசந்தி சட்டெனப் பானைக்குப் பின்னால் குனிந்தாள். கல்யாணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. திவ்யா மட்டும் வாரம் ஒருமுறை கேட்பாள்: "அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா அத்தை?"

மணவறை

கல்யாணத்தன்று காலை அவள் சமையல்கட்டில்தான் இருந்தாள். பட்டுப்புடவைக்கு மேலே ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு சாம்பாரில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையல்காரர்கள் அவளைத் துரத்தப் பயந்து நின்றார்கள். தாரை வார்க்க ஐயர் கூப்பிட்டார். வந்தாள், ஊற்றினாள். தலை குனிந்தே இருந்தது. ஊற்றி முடித்ததும் செம்பை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

தாலி கட்டி முடிந்து குடும்பப் படம் எடுக்க எல்லாரையும் மேலே கூப்பிட்டார்கள். திவ்யா மாலையோடு நின்றுகொண்டு சமையல்கட்டு வாசலையே பார்த்தாள். புகைப்படக்காரர் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தார். யாரோ என்னைப் போய் நிற்கச் சொன்னார்கள். நான் நகரவில்லை.

வசந்தி வந்தாள். துண்டு இல்லை. அதே சந்தன நிறப் பட்டு. இடுப்பில் செருகிய சின்னப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படியேறினாள். அதற்குள் ஆலைத் தராசின் சீட்டு இருந்தது எனக்குத் தெரியும்.

புகைப்படக்காரர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க கொஞ்சம் பின்னாடி போங்க. அந்தத் தூண் பக்கமா. அப்பத்தான் ஃபிரேம் சரியா வரும்," என்றார்.

மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தூணின் கதை தெரியும். மாப்பிள்ளையின் அத்தை திடீரென்று தன் வளையல்களை எண்ண ஆரம்பித்தார்.

வசந்தி நின்றாள்.

"பெரிய ஆளு பின்னாடி ஒக்கார்றது படகுலதான் தம்பி," என்றாள். "இங்க நான் பெத்தவ." நேராகப் போய் மகளின் வலப்பக்கம் நின்றாள், தோளோடு தோள். பிறகு கீழே மாப்பிள்ளையின் அத்தையைப் பார்த்துப் பழைய குரலில் கூப்பிட்டாள்: "சம்பந்தி, நீங்களும் வாங்க. தூணு பக்கத்துல எடம் காலியாத்தான் இருக்கு."

முதலில் சிரித்தவர் ஐயர்.

திவ்யா அழுதுகொண்டே சிரித்தாள், மை கன்னத்தில் இறங்கியது. புகைப்படக்காரர் ஃபிரேமை மாற்றினார். நான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மேடைக்குக் கீழே ஓடி, நல்ல இடமாகப் பார்த்து நின்று, "நான் ஒண்ணு எடுக்கறேன், எல்லாரும் இங்க பாருங்க" என்றேன். புதுப் புடவையில் என் வயிறு இரண்டு மடிப்பாக விழுவதைக் காலையில் கண்ணாடியில் பார்த்திருந்தேன்.

கைப்பேசித் திரையில் வசந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அத யார்கிட்டயாச்சும் குடுத்துட்டு மேல ஏறுங்க," என்றாள் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "கழிவு போட்டுத்தான் எடுப்பாங்க."